துருவ ஆய்வுக்கு எந்த வழியாகப் போகலாம்? யூனிஸ், யூஆர்க்டிக், ஏபெக்ஸ், கோவா: ஓர் ஒப்பீடு

கடந்த சில மாதங்களில் ஒரே கேள்வி எனக்கு நான்கைந்து விதமாக வந்துவிட்டது. கடைசியாகக் கேட்டவர் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. "பனிப் பிரதேசத்துல ஆராய்ச்சி பண்ணணும்னு பள்ளிக்கூடத்துலருந்தே ஆசை. நார்வேல ஒரு பல்கலைக்கழகம் இருக்குங்கறாங்க, ஆர்க்டிக் பல்கலைக்கழகம்னு இன்னொண்ணு இருக்குங்கறாங்க, நம்ம நாட்டுலயே கோவா வழியா போகலாம்னும் சொல்றாங்க. எதுல ஆரம்பிக்கிறது?" என்று எழுதியிருந்தார்.

அவர் சொன்ன மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. ஒன்று, யூனிஸ், நிஜமான வளாகம். ஒன்று, யூஆர்க்டிக், பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. மற்றொன்று அரசு ஆய்வு நிறுவனம். நான்காவதாக, யாருமே கேட்காத ஏபெக்ஸ் என்ற இளம் ஆய்வாளர் சங்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். என் கணக்கில் பெரும்பாலானோர் முதலில் கால் வைக்க வேண்டிய இடம் அதுதான்.

தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு துருவத்தைப் பற்றி எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். ரஷ்யாவுக்கு வடக்கே ஆர்க்டிக்கில் இருக்கும் காரா கடலில் பனி குறைவதற்கும் இந்தியாவில் செப்டம்பர் மாதத்தில் கொட்டும் அதிகனமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று இந்திய ஆய்வாளர்களே 2021-இல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் கரையும் பனி கடல் மட்டத்தை உயர்த்தினால் அது சென்னைக் கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் வந்து சேரும். வீட்டில் கேட்கும்போது சொல்ல இந்த இரண்டு போதும்.

## முதலில் அளவுகோல்கள்

எந்த வழியைப் பார்த்தாலும் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

யார் பெயரில் விண்ணப்பம் போகிறது? பெரும்பாலானோர் கேட்காமல் விடும் கேள்வி இதுதான். பல்கலைக்கழக வலைப்பின்னல் என்பது நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான உறவு. நீங்கள் எவ்வளவு ஆர்வமாக இருந்தாலும், உங்கள் கல்லூரி அந்த வலையில் இல்லை என்றால் பல கதவுகள் திறக்காது. துருவத்துக்குத் தனியாளாக யாரும் போவதில்லை. ஒரு நிறுவனம் அனுப்புகிறது, இன்னொரு நிறுவனம் ஏற்கிறது.

மொத்தச் செலவு எவ்வளவு? கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. விமானம், விசா, காப்பீடு, உடுப்பு, வாடகை, சாப்பாடு, அப்புறம் அந்த மாதங்களில் இழக்கும் சம்பளம் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கையால் செய்யும் வேலை என்ன? மாதிரி எடுப்பதா, கருவி பொருத்துவதா, கணினியில் தரவு பார்ப்பதா, வெறும் பார்வையாளரா?

திரும்பி வந்த பிறகு யார் உடன் இருப்பார்கள்? களப்பணி சில வாரங்கள். அதிலிருந்து ஒரு கட்டுரையோ பட்டமோ வர ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும் ஒருவர் வேண்டும்.

நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்? இளங்கலை இரண்டாம் ஆண்டில் சரியான வழி, முதுகலை முடித்தவருக்குத் தவறாக இருக்கலாம்.

## யூனிஸ்: 78 டிகிரி வடக்கில் ஒரு வளாகம்

ஸ்வால்பார்ட் பல்கலைக்கழக மையம், சுருக்கமாக யூனிஸ், நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில், லாங்கியர்பியென் ஊரில் 1993-இல் தொடங்கப்பட்டது. ஊரின் மக்கள்தொகை இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம். ஆர்க்டிக் உயிரியல், நிலவியல், புவி இயற்பியல், தொழில்நுட்பம் என்று நான்கு துறைகள். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. வகுப்பறையிலிருந்து வெளியே வந்தால் பனியாறு, ஃபியோர்டு எனும் குறுகிய கடற்கழி, நிலத்தடி உறைபனி எல்லாம் கண்முன்னே. களப்பணிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் நான்கு வழிகளில் வேறு எதுவும் இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம்.

அங்கே படித்துவிட்டு வந்த ஒருவரிடம் நீண்ட நேரம் பேசினேன். அவர் முதலில் சொன்னது பனிக்கரடியைப் பற்றி அல்ல, செருப்பைப் பற்றி. கட்டடத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் காலணிகளை வாசலில் கழற்றி அடுக்கிவிட்டுக் காலுறையோடு வகுப்புக்குப் போகிறார்கள். நிலக்கரிச் சுரங்கக் காலத்தில் கரித்தூள் வீட்டுக்குள் வராமலிருக்க ஏற்பட்ட பழக்கமாம், ஊர் முழுக்க இன்றும் தொடர்கிறது. "வீட்டு ஞாபகம் வந்துடுச்சு" என்றார்.

அடுத்து வருவது பாதுகாப்புப் பயிற்சி. இதை முடிக்காமல் களத்துக்கு அனுப்பமாட்டார்கள். துப்பாக்கியைக் கையாள்வது, பனிச்சரிவில் புதைந்தவரைக் கருவி கொண்டு தேடுவது, பனிப்பிளவில் விழுந்தவரைக் கயிறு கட்டி இழுப்பது, மிதவை உடை மாட்டிக்கொண்டு உறைகுளிர் நீரில் இறங்குவது என்று பல நாள் நடக்கும். ஊர் எல்லையைத் தாண்டினால் கரடியை விரட்டும் சாதனம் கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வாழ்நாளில் துப்பாக்கியைத் தொடாத மாணவி ஒருவர், குளிரில் விரல் மரத்துப்போன நிலையில் தோட்டாவைப் போட்டு எடுக்கப் பழகுகிறார். எந்தக் காணொளி வகுப்பும் இதைக் கொடுக்காது.

சரி, இனி சிக்கல்கள்.

யூனிஸ் தானாகப் பட்டம் கொடுப்பதில்லை. நீங்கள் வேறொரு பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பில் இருக்க வேண்டும், அங்கிருந்து ஒரு பருவத்துக்கு வந்து பாடங்களை எடுத்து, மதிப்பெண்ணைத் தாய்க்கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும். இளங்கலைப் பாடங்களுக்கே ஓராண்டு அளவு அறிவியல் பாடங்களை ஏற்கெனவே முடித்திருக்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் பல, வெளியே எடுத்த பாடத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. அப்படியானால் ஒரு பருவம் பின்தங்கும், அரியர் மாதிரி பின்னால் எழுத வேண்டி வரும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கட்டண விஷயம் மாறிவிட்டது. நார்வேயில் எல்லாம் இலவசம் என்று பழைய காணொளிகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 2023 இலையுதிர் காலத்திலிருந்து நார்வேயின் அரசுப் பல்கலைக்கழகங்கள், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் கட்டணம் வாங்குகின்றன. ஒப்பந்தத்தின்கீழ் வரும் பரிமாற்ற மாணவர்களின் நிலை வேறு. ஆகவே உங்கள் சேர்க்கை எந்த வகையில் வருகிறது என்று நேரடியாக எழுதிக் கேட்பது அவசியம்.

விசாவில் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1920-ஆம் ஆண்டு ஸ்வால்பார்ட் உடன்படிக்கையின் பயனாக அங்கே வாழ விசாவே தேவையில்லை. அந்த உடன்படிக்கையில் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும் கையெழுத்திட்ட நாடு. ஆனால் விமானம் ஆஸ்லோ அல்லது ட்ரோம்சோ வழியாகத்தான் போகும். நார்வேயின் பெருநிலம் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதிக்குள், ஸ்வால்பார்ட் அதற்கு வெளியே. அதனால் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என்று இருமுறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும். திரும்பும் தேதி வரை அது செல்லுபடியாகவும் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் ஒருமுறை நுழையும் விசாவோடு விமான நிலையம் வரை போய்விட்டார். கடைசி நேரத்தில் டிக்கெட்டை மாற்றிய செலவு, அவர் ஒரு மாத வாடகைக்கு வைத்திருந்த பணத்தைவிட அதிகம்.

கடைசியாக, பிழைப்புச் செலவு. ஸ்வால்பார்டில் உங்களைப் பார்த்துக்கொள்ள அரசு உதவித்தொகை கிடையாது, கையில் பணமில்லாதவரை ஆளுநர் திருப்பி அனுப்பலாம். மருத்துவமனை சின்னது, பெரிய சிகிச்சைக்கு விமானத்தில் பெருநிலத்துக்குக் கொண்டுபோவார்கள். ஆகவே காப்பீட்டில் மீட்பு விமானச் செலவு சேர்ந்திருக்க வேண்டும். காய்கறியும் பாலும் வெளியிலிருந்து வருகின்றன, விலை அதற்கேற்ப இருக்கும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதி வரை துருவ இரவு, நண்பகலிலும் இருட்டு. வெயிலில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த இருட்டு மனத்தைப் பாதிக்கும். இதையும் செலவுக் கணக்கில் சேர்க்கிறேன், ஏனென்றால் பாதியில் திரும்பி வந்தால் எல்லாச் செலவும் வீண்.

யாருக்குப் பொருந்தும்? ஏற்கெனவே ஐரோப்பாவில், முக்கியமாக நார்வேயில், முதுகலை படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு இது அருமையான வழி. தாய்க்கல்லூரி பாடத்தை ஏற்றுக்கொள்ளும், தொலைவு குறைவு. இந்தியாவில் இளங்கலை படித்துக்கொண்டே சொந்தப் பணத்தில் போக நினைப்பவருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். முதலில் ஐரோப்பிய முதுகலை இடத்தைப் பிடியுங்கள், அதற்குள் ஒரு பருவமாக யூனிஸை வையுங்கள்.

## யூஆர்க்டிக்: வளாகம் இல்லாத பல்கலைக்கழகம்

பெயரைக் கேட்டால் எங்கோ பனியில் ஒரு கட்டடம் இருப்பதாகத் தோன்றும். யூஆர்க்டிக் அப்படி இல்லை. ஆர்க்டிக் நாடுகளின் அமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலின் ஆதரவோடு 2001-இல் பின்லாந்தின் ரோவனியெமியில் தொடங்கப்பட்ட கூட்டமைப்பு இது. ஏறத்தாழ இருநூறு பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் இதில் உறுப்பினர்கள். "யூஆர்க்டிக்கில் சேர விண்ணப்பம் எங்கே?" என்று கேட்பவர்களுக்கு அதனால்தான் பதில் சொல்ல முடிவதில்லை. மாணவர் சேர்வதில்லை, கல்லூரிதான் சேர்கிறது.

இதன் நார்த்-டு-நார்த் பரிமாற்றத் திட்டம் நல்ல ஏற்பாடு. உறுப்பினர் கல்லூரி மாணவர் இன்னொரு வடக்கு நாட்டுக் கல்லூரிக்குப் போய் ஒரு பருவம் படிக்கலாம், கட்டணத்தைத் தன் கல்லூரியிலேயே கட்டினால் போதும். ஆனால் பெயரே சொல்வதுபோல இது வடக்கிலிருந்து வடக்குக்கு. கனடா, நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து போன்ற நாடுகளின் உறுப்பினர் கல்லூரிகளை மனத்தில் வைத்துச் செய்தது. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேராக இதற்குள் நுழையலாம் என்று எண்ணி ஓராண்டு காத்திருக்க வேண்டாம். கனடாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. அவர்களின் பல்கலைக்கழகம் உறுப்பினராக இருந்தால், அங்குள்ள பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் செலவழித்தாலே வழி தெரிந்துவிடும்.

இயற்கை அறிவியலுக்கு வெளியே இருப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். சட்டம், மானுடவியல், பொதுச் சுகாதாரம், மொழியியல், சுற்றுலா என்று பல துறைகளில் இதன் கருப்பொருள் வலைப்பின்னல்கள் இயங்குகின்றன. துருவம் என்றால் பனிப்பாளம் மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வட துருவப் பகுதியில் மக்கள் வாழ்கிறார்கள். நார்வேயின் கௌதோகெய்னோவில் சாமி இன மக்களின் உயர்கல்வி நிறுவனம், சாமி மொழியிலேயே பாடம் நடத்துகிறது. மான் மேய்க்கும் குடும்பங்களிடம் பனியின் வகைகளுக்கு இருக்கும் சொற்களை ஆய்வுத் தரவாக எடுத்துக்கொள்ளும் துறைகள் இருக்கின்றன. நெய்தல் நிலச் சொற்களையோ மீனவர்களின் காற்றுப் பெயர்களையோ சேகரித்த தமிழ் மாணவர் ஒருவர், அங்கே வெறுங்கையோடு போகமாட்டார்.

மறைமுகச் செலவு காத்திருப்புதான். உங்கள் கல்லூரியை உறுப்பினராக்க முயன்றால், துறைத்தலைவர், முதல்வர், ஆட்சிக்குழு என்று கடிதம் நகர்வதற்குள் உங்கள் படிப்பு முடிந்துவிடும். உங்கள் ஜூனியர்களுக்குப் பயன்படும் என்ற மனநிறைவோடு செய்யலாம், உங்கள் திட்டத்தை அதை நம்பி அமைக்க வேண்டாம். இன்னொன்று, அரசியல். 2022-இல் உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய நிறுவனங்களுடனான பணிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆர்க்டிக் கரையில் பாதி ரஷ்யாவுடையது. நிறுவன உறவை நம்பிய ஆய்வு, நிறுவன உறவு முறிந்தால் நின்றுபோகும்.

இன்றைக்கே எடுக்கக்கூடியது இணையப் பாடம். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் யூஆர்க்டிக்கோடு சேர்ந்து கொடுக்கும் ஆர்க்டிக் காலநிலை அறிமுகப் பாடம் கோர்செராவில் இருக்கிறது. பயோடேட்டாவில் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்பதற்காக அல்ல, இந்தத் துறை உங்களுக்கு உண்மையிலேயே பிடிக்கிறதா என்று பார்க்க எடுங்கள்.

## ஏபெக்ஸ்: இளையவர்களே நடத்தும் சங்கம்

பல நாடுகள் சேர்ந்து துருவங்களை ஆராய்ந்த 2007-08 பன்னாட்டுத் துருவ ஆண்டை ஒட்டி இளம் ஆய்வாளர்கள் தொடங்கியது துருவ இளம் அறிவியலாளர் சங்கம். உறுப்பினராவது இலவசம். கல்லூரி எது, நாடு எது என்று தடையில்லை. இளங்கலை மாணவரும் சேரலாம். நான் சொன்ன முதல் அளவுகோலில், அதாவது யார் பெயரில் விண்ணப்பம் என்பதில், நான்கு வழிகளில் உங்கள் சொந்தப் பெயர் மட்டும் போதும் என்பது இங்கேதான்.

என்ன கிடைக்கும்? இணையவழிக் கருத்தரங்குகள், வழிகாட்டி ஏற்பாடு, உதவித்தொகை மற்றும் ஆய்விட அறிவிப்புகள், மார்ச்சிலும் செப்டம்பரிலும் துருவ வாரம். கொஞ்சம் முன்னேறியவர்களுக்கு இன்னொன்று உண்டு, எனக்கு அது மிகவும் பிடித்தது. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் கடல் மற்றும் பனிமண்டல அறிக்கை 2019-இல் வெளியாகும் முன், அதன் வரைவை ஏபெக்ஸ் உள்ளிட்ட இளம் ஆய்வாளர் சங்கங்கள் குழுவாக உட்கார்ந்து படித்துக் கருத்து எழுதிக் கொடுத்தன. முனைவர் பட்டம் முடிக்காத பிள்ளைகள், உலக அரசுகள் கையில் எடுக்கப்போகும் அறிக்கையின் பக்கம் பக்கமாகப் போய், "இந்த வரிக்கு ஆதாரம் போதாது" என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு நல்ல ஆய்வாளரின் முதன்மையான வேலையே அடுத்தவர் எழுதியதைக் கவனமாகப் படிப்பது. அதை இங்கே இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம்.

பனியைத் தொட முடியாது என்பதுதான் குறை. யாரும் உங்களைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். கூட்டங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய நேரத்துக்கு நடப்பதால் நமக்கு ராத்திரியாகிவிடும். தன்னார்வ வேலைதான் சங்கத்தை ஓட்டுகிறது, ஆகவே பெயரை மட்டும் பதிந்துவிட்டு உட்கார்ந்திருந்தால் மின்னஞ்சல் பெட்டி நிறையுமே தவிர வேறொன்றும் நடக்காது. ஒரு குழுவில் சேர்ந்து, ஒரு சின்ன வேலையைப் பொறுப்பாக முடித்துக் கொடுத்தால்தான் நாலு பேருக்கு உங்கள் பெயர் தெரியும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்க முடியாத பருவத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

இலங்கை வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோவாவின் கதவு இந்திய நிறுவனங்களுக்கானது. இலங்கைக்கு அப்படியொரு தேசியப் பயணத் திட்டம் இல்லை. அதனால் யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ இருப்பவருக்கு ஏபெக்ஸில் தொடங்கி, அங்கே கிடைக்கும் தொடர்புகள் வழியாக வெளிநாட்டு முதுகலைக்குப் போவதே நடைமுறைக்கு ஒத்த வரிசை.

## கோவா: இந்தியாவின் சொந்த வழி

கோவாவின் வாஸ்கோ ட காமாவில் இருக்கிறது தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம். 1998-இல் வேறு பெயரில் தொடங்கி 2018-இல் இந்தப் பெயர் பெற்றது. இந்தியாவின் முதல் அண்டார்டிகா பயணம் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து எஸ்.இசட். காசிம் தலைமையில் புறப்பட்டு 1982 ஜனவரியில் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து சேர்ந்த அனுபவம் இன்று இந்த மையத்தின் கையில். அண்டார்டிகாவில் மைத்ரி, 2012 முதல் பாரதி, ஆர்க்டிக்கின் நி-ஓலெசுண்டில் 2008 முதல் ஹிமாத்ரி, இமயமலையில் ஸ்பிதிப் பக்கம் ஹிமான்ஷ் என்று நிலையங்கள் இருக்கின்றன.

நம்மூர்த் தொடர்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹிமாத்ரிக்கு அருகே காங்ஸ்ஃபியோர்டில், 2014-இல், இந்தியாவின் முதல் ஆர்க்டிக் கடலடிக் கண்காணிப்பு நிலையமான இண்டார்க் இறக்கப்பட்டது. 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்ட கம்பியில் வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரோட்டம் அளக்கும் கருவிகள் கோத்த அமைப்பு அது. அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறியாளர்களுக்குப் பெரும் பங்கு. வேளச்சேரி சாலையில் பஸ்ஸில் போகும் பொறியியல் மாணவர் ஒவ்வொரு நாளும் அந்த வாசலைக் கடக்கிறார். துருவ ஆய்வுக்குக் கருவி செய்பவரும் வேண்டும். மின்னணுவியலோ இயந்திரவியலோ படிக்கும் பிள்ளைகள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

எப்படி நுழைவது? மையம் ஆய்வு முன்மொழிவுகளுக்கு அழைப்பு விடுக்கும். பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ இருக்கும் பேராசிரியர் ஒருவர் முன்மொழிவு அனுப்ப வேண்டும். அது தேர்வானால் அவரும், அவருடைய குழுவில் இருக்கும் ஆய்வு மாணவரும் போகலாம். மாணவர் தனியாக விண்ணப்பிக்கும் கதவு இது அல்ல. ஆகவே சரியான கேள்வி "கோவாவுக்கு எப்படி விண்ணப்பிப்பது" என்பதல்ல, "எந்தப் பேராசிரியரின் ஆய்வில் துருவத் தரவு இருக்கிறது" என்பதுதான். முதுகலை ஆய்வேட்டைக் கோவா மையத்திலேயே செய்ய முயலலாம். நெட் அல்லது கேட் தேசியத் தேர்வில் தேறி இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. மற்ற மூன்று வழிகளிலும் பணம் உங்கள் பக்கமிருந்து போகிறது, அல்லது பணமே புழங்குவதில்லை. இங்கே உங்களுக்கு வருகிறது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

அண்டார்டிகாவுக்குத் தேர்வானவர்கள் டெல்லி எய்ம்ஸில் உடல் பரிசோதனைக்குப் போக வேண்டும், அப்புறம் உத்தராகண்டின் ஔலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிடம் பனிமலைப் பயிற்சி. கயிறு கட்டி நடப்பது, கூடாரத்தில் தூங்குவது எல்லாம் அங்கே பழக்குவார்கள். பிறகு கேப் டவுன் வழியாகப் பயணம். கோடைக்காலக் குழு என்றால் சில மாதங்கள், குளிர்காலக் குழு என்றால் ஓராண்டுக்கு மேல்.

மறைமுகச் செலவு நேரம்தான். கல்லூரி முதலாண்டில் தொடங்கினால், பனியில் கால் வைக்க ஆறேழு ஆண்டுகள் ஆகலாம். உடல் பரிசோதனையில் விழுந்தால் அந்த ஆண்டு போச்சு. வானிலையோ கப்பல் அட்டவணையோ மாறினால் களப்பணி சுருங்கும். பேராசிரியர் ஓய்வு பெற்றாலோ திட்டம் முடிந்தாலோ மாணவர் நடுவில் நிற்பார். முனைவர் பட்டத்துக்குச் சேரும்போதே அவருக்கு இன்னும் எத்தனை ஆண்டு பணி இருக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

## கட்டணக் கப்பல் பயணங்கள்

"அண்டார்டிகா பயணத்துக்குத் தேர்வாகியிருக்கிறேன், நிதி திரட்டுகிறேன்" என்று பலர் எழுதுகிறார்கள். தலைமைத்துவப் பயிற்சி, விழிப்புணர்வுப் பயணம் என்ற பெயரில் நடப்பவை இவை. பார்த்து வியந்து திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு. ஆனால் மேலே சொன்ன ஐந்து அளவுகோல்களில் மூன்றாவதிலும் நான்காவதிலும் கையில் எதுவும் மிஞ்சாது. அந்தப் பணம் கையில் இருந்தால் முதுகலைக்கு வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | யூனிஸ் | யூஆர்க்டிக் | ஏபெக்ஸ் | கோவா |
|---|---|---|---|---|
| யார் பெயரில் | தாய்ப் பல்கலைக்கழக மாணவராக | உறுப்பினர் கல்லூரி வழியாக | சொந்தப் பெயரில் | பேராசிரியரின் முன்மொழிவு வழியாக |
| பணம் | மிக அதிகம் | பரிமாற்றத்தில் நடுத்தரம், இணையப் பாடத்தில் குறைவு | இலவசம் | உதவித்தொகை வரும் |
| மறைந்திருப்பது | இருமுறை நுழையும் விசா, மீட்புக் காப்பீடு, துருவ இரவு | கல்லூரியின் காத்திருப்பு, அரசியல் | இரவு நேரக் கூட்டம், தன்னார்வ உழைப்பு | ஆண்டுக்கணக்கான நேரம், உடல் பரிசோதனை |
| களப்பணி | மிகச் சிறப்பு | இடத்தைப் பொறுத்தது | இல்லை | உண்டு, தாமதமாக |
| பின்துணை | பருவம் முடிந்தால் குறையும் | தாய்க்கல்லூரியைப் பொறுத்தது | நண்பர் வட்டம் நீடிக்கும் | வழிகாட்டி நீடிப்பார் |
| பொருந்தும் கட்டம் | ஐரோப்பிய முதுகலை | வடக்கு நாட்டு மாணவர், சமூக அறிவியல் | இளங்கலை முதல் யாரும் | முதுகலை, முனைவர் |

## அந்த மாணவிக்கு நான் எழுதிய பதில்

இந்த ஆண்டு ஏபெக்ஸில் சேரச் சொன்னேன். கூடவே ஒரு வேலை கொடுத்தேன். அமெரிக்காவின் தேசியப் பனி மற்றும் பனிப்பாளத் தரவு மையம் 1979 முதலான கடல் பனிப் பரப்பளவை இலவசமாகக் கொடுக்கிறது. அந்தக் கோப்பை இறக்கி, பைத்தானில் ஒவ்வோர் ஆண்டின் செப்டம்பர் மாதத்தையும் வரைந்து பார்க்கச் சொன்னேன். 2012-இல் கோடு திடீரென்று கீழே இறங்கும், அன்றைய தாழ்புள்ளி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். அதற்கு அடுத்த ஆண்டு மேலே ஏறும். ஏன் ஏறியது என்று அவருக்கே கேட்கத் தோன்ற வேண்டும். தோன்றினால் அவர் துருவ ஆய்வைத் தொடங்கிவிட்டார்.

மூன்றாம் ஆண்டில் காலநிலை அல்லது கடலியல் முதுகலைக்கு நுழைவுத் தேர்வு. முதுகலையில் கோவாவிலோ சென்னையிலோ ஆய்வேடு. ஐரோப்பிய முதுகலை இடம் உதவித்தொகையோடு கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு, இரண்டாம் பருவத்தில் யூனிஸுக்கு விண்ணப்பம். கிடைக்காவிட்டால் இங்கேயே முனைவர் படிப்பு. இரண்டு பாதையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அடுத்த பன்னாட்டுத் துருவ ஆண்டு 2032-33-க்குத் திட்டமிடப்பட்டு வருகிறது. அரை நூற்றாண்டுக்கு ஒருமுறை, கால் நூற்றாண்டுக்கு ஒருமுறை என்று வந்துகொண்டிருக்கும் நிகழ்வு அது. அப்போது அவர் முனைவர் பட்டத்தின் நடுவிலோ அதை முடித்தோ இருப்பார்.

நேற்று வரைபடம் வந்தது. 2012-க்கு மேலே சிவப்பில் வட்டம் போட்டு, "2013-ல கோடை குளிரா இருந்துச்சா? வெப்பநிலைத் தரவு எங்க கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறார். இணைப்பை அனுப்பியிருக்கிறேன்.